இரண்டாவது மழைக்காலம்

நேற்றுக் காலை தீபாவளி மசாலாவுக்குச் சோம்பு வறுத்தேன். சட்டியிலிருந்து வாசனை எழும்பியதும் கை நின்றுவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னா, கருகிருச்சா?" என்று என் அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். இல்லை என்றேன். கருகவில்லை. நீ வந்து நின்றாய், அவ்வளவுதான்.

நீ போனபிறகு வருகிற மூன்றாவது தீபாவளி இது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கை. முன்னுரை, முறை, முடிவு என்றே ஓடுகிறது. இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். இதில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

புக்கிட் ரோத்தானைத் தாண்டி இருக்கும் அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நீ முதல்நாள் வேலைக்கு வந்தபோது, நான் அங்கே ஓராண்டை முடித்திருந்தேன். நம் இருவருக்கும் ஒரே புரொபசர், ஒரே ஆய்வு நிதி. வயதும் ஒன்றுதான். நீ நடுவில் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்துவிட்டு வந்ததால் எனக்குப் பின்னால் சேர்ந்தாய். செம்பனையின் ஆண் பூக்களைப் பற்றி நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பூக்களுக்கு வந்து, மகரந்தத்தைப் பெண் பூக்களுக்குச் சுமந்துபோகும் மூக்கு வண்டுகளைப் பற்றி நீ ஆராய வந்தாய். எள்ளளவு வண்டு. அது வராவிட்டால் குலையில் காய் பிடிக்காது.

அந்தப் பூவின் மணத்துக்குக் காரணமான பொருளின் வேதிப்பெயரை ஓராண்டாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நான். நீ ஓர் இளமரத்தின் கீழ் குனிந்து, மலர்ந்திருந்த பூவில் முகத்தை வைத்து ஒரே ஒருமுறை மோந்து பார்த்தாய்.

"ஏய், இது சோம்புடி!"

"என்னா சோம்பு?"

"எங்க வீட்டுல கறி சமைக்கிற நாளு இப்படித்தான் மணக்கும். ஒரு வருஷமா நீ என்னாத்தடி மோந்து பாத்த?"

பின்னால் நின்ற, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் மூக்கின் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. அன்று மதியமே என்னை உன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனாய்.

லயங்களை இடித்தபிறகு தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு உன்னுடையது. அப்பா காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தன, நீயும் அம்மாவும்தான். நாம் என்ன வேலை செய்கிறோம் என்று நீ விளக்கியதும் உன் அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் பூச்சிதான்மா எங்க வேலையப் புடுங்குனது. நான் கொமரியா இருந்தப்ப நாங்கதான் பூவுக்குப் பூ மாவு ஊதுவோம். கையில ரப்பர் பந்து மாதிரி ஒண்ணு குடுப்பாங்க. அமுக்குனா பவுடர் பறக்கும். சாயங்காலம் மூஞ்சியெல்லாம் மஞ்சப் பூசுன மாதிரி இருக்கும். ஒரு நாளு ஆபீஸ் கிராணி வந்து, நாளையிலேருந்து ஊத வேணாம், ஆப்பிரிக்காவுலேருந்து பூச்சி வந்திருக்கு, அது பாத்துக்கும்னாரு. அத்தோட சரி."

"அதான் அம்மா, அதை நான் எண்ணிக்கிட்டு வர்றேன்," என்றாய் நீ.

"எண்ணு, எண்ணு. ஒண்ணு கொறஞ்சாலும் விடாத."

அதன்பிறகு நான் அந்த வீட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன்! போகும்போதெல்லாம் அம்மா முதலில் கேட்பது, "ஒங்க பூச்சிங்க எப்படி இருக்குதுங்க?" என்பதுதான். தூரத்து உறவினரை விசாரிப்பதுபோலக் கேட்பார்.

உனக்கு வேலையில் இருந்த பொறுமை எனக்கு இல்லை. பூக்கதிரை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வெள்ளைத் தட்டில் உதறி, வண்டுகளை ஒன்று ஒன்றாக எண்ண வேண்டும். நான் ஒரு கட்டத்துக்குமேல் பத்துப் பத்தாக மதிப்பிட்டுவிடுவேன். நீ ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. மழை தூறினால் தட்டுக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாய்; நனைவது நீ. புதிய ரக மரங்கள் நிற்கும் பகுதியில் ஆண் பூக்கள் குறைவு. மழை மாதங்களில் அங்கே வண்டுகள் அடியோடு குறைந்துபோகின்றன, அடுத்து வரும் குலைகள் பாதி சொத்தையாக இருக்கின்றன என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நீ. மரங்களை நடும்போதே இடையிடையே பழைய ரகத்தைச் சேர்த்துவிட்டால் போதும் என்று சொன்னதும் நீதான். புரொபசர் உன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "திஸ் இஸ் குட்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நாம் அதற்குமுன் கேட்டதில்லை.

நமக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. உங்கள் வரிசையில் பக்கத்து வீட்டு ஆயா இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தது நினைவிருக்கிறதா? "டாக்டராயிட்டியாமே, இதைச் சாப்பாட்டுக்கு முன்ன போடணுமா, பின்னயா?" நீ மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாய். "ஊசி போடாத டாக்டர்னு போர்டு மாட்டணும் லா."

பட்டத்துக்குப் பிறகு நாம் இருவரும் அதே ஆய்வகத்தில் ஒப்பந்த ஆய்வாளர்களாகச் சேர்ந்தோம். முதலில் ஓராண்டு. பிறகு ஆறு மாதம். பிறகு மூன்று மாதம், மூன்று மாதமாக நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் கடைசி வாரம் வரைக்கும் கடிதம் வராது. வரும்வரை நீ மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பாய். உன் அம்மாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. "புல்லு வெட்ட லோரியில வர்றவங்களும் காண்ட்ராக்ட்தான். இவ்வளவு படிச்சுட்டு நீயும் காண்ட்ராக்ட்டா?" என்று கேட்டார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். கெர்லிங்கிலிருந்து வந்த ஒரு வரனும் அந்தச் சொல்லில்தான் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே ஒரு கேள்வி, வேலை நிரந்தரமா என்று. உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பதை அடுத்த மாதம், ஏதோ பேச்சுவாக்கில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய்.

அந்த ஆண்டுதான் நம் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு விரிவுரையாளர் பதவிக்கு அறிவிப்பு வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம். இருவருக்கும் ஒரே நாளில் நேர்காணல். புக்கிட் செந்தோசாவில் என் வீட்டு வாசலுக்கு உன் சின்னக் காடியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுடி, எதிரியே" என்றாய். வழியெல்லாம் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே ஓட்டினாய். நான் தடுமாறிய இடத்தில் விடையும் சொல்லிக்கொடுத்தாய். காத்திருக்கும் அறையில் என் காலரில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்து எடுத்தாய். உள்ளே அவர்கள் என்னிடம் கேட்ட மூன்றாவது கேள்வி, காடியில் நீ சொல்லிக்கொடுத்தது.

எனக்குக் கிடைத்தது. உன்னைவிட ஓராண்டு முன்னால் தொடங்கியதால் என் பெயரில் ஒரு கட்டுரை கூடுதலாக இருந்தது. அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். சேதியைக் கேட்டதும் நீ என்னைத் தே தாரிக் குடிக்கக் கடைக்கு இழுத்துப்போனாய். "ரெண்டு பேருல ஒருத்திக்காவது கெடச்சுதேடி," என்றாய். உன் கோப்பையில் பாதி அப்படியே இருந்ததைக் கவனித்தேன். கவனித்துவிட்டு என் கோப்பையைக் குடித்து முடித்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் பட்ட பாட்டை நீயும் கவனித்திருப்பாய்.

நான் வகுப்புகளுக்குப் போகத் தொடங்கிய இரண்டாவது மாதம் நிதி முடிந்துவிட்டது என்று உனக்கு மின்னஞ்சல் வந்தது. ஆய்வகச் சாவி அட்டை, வெள்ளைத் தட்டுகள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாய். ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கே நீ ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதைச் சொல்லவில்லை. "சொன்னா வெச்சுக்க மாட்டாங்க. கையுறையில தண்ணி ஊத்தி ஓட்டை இருக்கான்னு பாக்குறேன்டி. வண்டு எண்ணுற மாதிரிதான், என்னா, இது ஓடாது," என்றாய்.

ஆனாலும் கட்டுரையை விடவில்லை. வேலை முடிந்து வந்து எழுதி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாய். அது வெளிவந்தால் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு உன்னை எடுத்துக்கொள்வதாக இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் நீ அந்தத் தொழிற்சாலைச் சீருடையைத் தினமும் மாட்டிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அந்தச் சீருடையோடே என் அலுவலக அறைக்கு வந்தாய். கதவில் என் பெயர்ப் பலகையை விரலால் ஒருமுறை தடவிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்தேன். கையில் அச்செடுத்த கடிதம். கட்டுரையைப் படித்த மதிப்பாய்வாளர் பாராட்டித்தான் எழுதியிருந்தார். ஆனால் ஒரே ஒரு மழைக்காலத்தை வைத்து இவ்வளவு சொல்ல முடியாது, இரண்டாவது மழைக்காலத்தின் கணக்கும் வேண்டும் என்று முடித்திருந்தார்.

"ஆறு மாசம் டைம் குடுத்திருக்காங்க," என்றாய். "உன் பிளாக்ல மொத வருஷம், நான் சேர்றதுக்கு முன்ன, நீயும் வண்டு எண்ணியிருக்கல்ல? அந்த டேட்டா சும்மாதானே கெடக்கு. அதைச் சேர்த்தா ரெண்டு மழை ஆயிரும்டி. உன் பேரையும் போடுறேன்."

"அது... அதை என் பேப்பருக்கு வெச்சிருக்கேன் லா. புரொபசர்கிட்டயும் கேக்கணும்."

"கேட்டுட்டுச் சொல்லு. அவசரமில்ல."

அவசரம்தான். நீ என்னை நெருக்க விரும்பவில்லை.

நான் புரொபசரிடம் கேட்கவில்லை. இதை எழுதத்தான் இந்த மடலையே தொடங்கினேன். புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளருக்கு மூன்று ஆண்டு பயிற்சிக் காலம். அதற்குள் இத்தனை கட்டுரை காட்டினால்தான் பணி உறுதியாகும். வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் வகுப்பு. புதிதாக ஆய்வு செய்ய நேரம் இல்லை. கைவசம் இருந்தது அந்தப் பழைய தரவு மட்டும்தான். அது கையைவிட்டுப் போனால் என்னிடம் ஒன்றுமில்லை என்று பயந்தேன். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உன் கட்டுரையை வாங்கிப் படித்துப் பார்த்தேன். என் கட்டுரைகளைவிட அது நன்றாக இருந்தது. அந்தப் பதவி யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று அதைப் படிக்கிற எவருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, "கேட்டியா?" என்று செய்தி அனுப்பினாய். படித்துவிட்டு மூடினேன். ஒரு மாதம் கழித்து மீண்டும். "இந்த வாரம் கேக்குறேன்" என்று பதில் போட்டேன். மழை தொடங்கியபிறகு மூன்றாவது செய்தி வந்தது: "பரவால்லடி. இந்த மழைக்கு நானே போய் எண்ணிக்கிறேன். மண்டோர் உள்ள விடறேன்னு சொல்லிட்டாரு." நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். பெருமூச்சுகூட விட்டிருப்பேன்.

ஞாயிறுதோறும் நீ போனாய். ஆய்வகத்தில் திரும்பக் கொடுத்த பூட்ஸுக்குப் பதிலாகக் கணுக்கால் அளவுக்கு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போனாய் என்று பிறகுதான் அறிந்தேன். மழையில் மரங்களுக்கிடையே தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும். எலிகள் அங்கே எப்போதும் உண்டு. குலைகளைத் தின்ன வரும்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த தொலைபேசியில் உன் பெயர் ஒளிர்ந்தது. தரவைத்தான் கேட்கப்போகிறாய் என்று நினைத்துத் துண்டித்தேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தேன். வகுப்பு முடிந்து பார்த்தபோது ஒரு குரல் பதிவு இருந்தது. உன் குரல் இல்லை.

"அம்மாடி, நான்தான்மா. அவளுக்கு ரொம்ப முடியலம்மா. திங்கக்கெழம காய்ச்சல்னா, கிளினிக்குல மாத்திர குடுத்தாங்க, நேத்து வேலைக்கும் போனா. இன்னைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. ஆம்புலன்சுல கொண்டாந்திருக்கோம். டாக்டருங்க இங்கிலீசுல என்னமோ கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. நீ கொஞ்சம் வர்றியாம்மா?"

வந்தேன். அதற்குள் உனக்குச் சுவாசக் குழாய் பொருத்திவிட்டார்கள். மருத்துவர் இளம்பெண். "சமீபத்தில் தேங்கிய நீரில், எலிகள் இருக்கும் இடத்தில் இறங்கினாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். மழை தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் என்றேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. எலிக் காய்ச்சல், சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார். அதை அப்படியே உன் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லி முடித்ததும், "சரியாயிரும்ல?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பார்ப்போம் அம்மா என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ போய்விட்டாய். உனக்கு முப்பத்து நான்கு வயது. கண் திறக்கவே இல்லை. உன் கையை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். ஆட்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் கொஞ்சம் மண் இருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

சடங்குக்குப் புரொபசர் வந்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். உன் படத்துக்குக் கீழே "டாக்டர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அவர்களில் ஒரு பெண் என்னிடம், "இவங்க டாக்டரா? எங்ககிட்ட சொல்லவே இல்லியேக்கா," என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு உன் அம்மா உன் மடிக்கணினியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இதுல அவ வேல இருக்கு. எனக்குத் தொறக்கத் தெரியாது. முடிக்கக்கூடியதா இருந்தா முடிச்சிரும்மா."

வீட்டுக்கு வந்து திறந்தேன். கடைசி மழையின் கணக்கு வாரம் வாரமாக இருந்தது. எண்களுக்குப் பக்கத்தில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் வைத்திருந்தாய். அதில் நீ எழுதியிருந்தவை: "பலத்த மழை, குடை போச்சு." "பூட்ஸுக்குள்ள தண்ணி." "17ஆம் மரம், வண்டே இல்லை. இரண்டு தடவை பார்த்தேன்." கடைசி ஞாயிறு: "கால் வலி. அடுத்த வாரம் 30ஆம் மரத்திலிருந்து." என்மேல் ஒரு குறையும் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன். ஒரு வரியாவது இருந்தால் தேவலை என்று தேடினேன்.

என் பழைய கோப்பைத் திறந்து உன்னுடையதோடு சேர்த்தேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அட்டவணையைப் பார்த்துத்தான் உன்னுடையதை அமைத்திருந்தாய். அதனால் கட்டங்கள் அப்படியே பொருந்தின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, மாலை விளக்குப் போடுமுன் முடித்துவிட்டேன். நீ என்னிடம் கேட்டது ஒரு பிற்பகல் வேலை. என் ஓராண்டும் உன் முந்தைய ஓராண்டும் சேர்ந்ததுமே உன் முடிவு அசையாமல் நின்றது. கடைசி மழையின் எண்கள் இல்லாவிட்டாலும் அது நின்றிருக்கும். உன் பெயரில் இருக்கும் அந்த எண்களை விட மனமில்லாமல் அவற்றையும் சேர்த்தேன்.

புரொபசரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "உன் பெயரை முதலில் போடு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அவளுக்கு இனி அது எதற்கும் பயன்படாது. உனக்குப் பணி உறுதி வருகிறது. உன் தரவும் இதில் இருக்கிறதே," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கணக்கில் அது எனக்குச் செய்யும் உதவி. அவரிடம் அப்போது கேட்டேன்: "போன வருஷம் நான் இந்தத் தரவை அவளுக்குக் கொடுக்கட்டுமா என்று உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கொடு என்று சொல்லியிருப்பேன். ஏன், கேட்டாளா?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

உன் பெயரைத்தான் முதலில் போட்டேன். என் பெயரை எடுத்துவிடத்தான் நினைத்தேன். உயிரோடு இருக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று இதழில் சொன்னதால் கடைசியில் வைத்தேன். உன் நிறுவனம் எது என்று படிவம் கேட்டது. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. பல்கலைக்கழகம் உன்னை அனுப்பிவிட்டிருந்தது. தொழிற்சாலைக்கு உன் ஆராய்ச்சி தெரியாது. தனி ஆய்வாளர், புக்கிட் ரோத்தான் என்று எழுதினேன். உன் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவைக் குறி ஒன்று வரும், மறைந்தவர் என்பதற்கு. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். சரி என்று அழுத்தினேன்.

கட்டுரை வந்துவிட்டது. வேறு நாடுகளிலிருந்து இரண்டு பேர் உனக்கு எழுதியிருந்தார்கள். உன் மின்னஞ்சல் இல்லாததால் அவை எனக்கு வந்தன. ஒருவர் உன்னைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்திருந்தார். குறியைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. என் பெயர் கடைசியில் இருந்ததால் என் கணக்கில் ஒரு கட்டுரை குறைந்து, பணி உறுதி ஓராண்டு தள்ளிப்போனது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உனக்குத் தள்ளிப்போனதற்கு இது ஈடே இல்லை.

அச்செடுத்த கட்டுரையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். "இதுல அவ பேரு எது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த ஆங்கில எழுத்துகளின்மேல் தன் விரலையும் வைத்து, இடமிருந்து வலமாக ஒருமுறை நகர்த்தினார்.

"பக்கத்துல இது என்னா, பிளஸ் மாதிரி?"

சொன்னேன்.

தலையாட்டினார். பிறகு தாள்களைப் புரட்டி, வரைபடத்தைப் பார்த்து, "பூச்சி கொறையிதுன்னு போட்டிருக்காளா?" என்று கேட்டார். ஆமாம் அம்மா, எப்படிச் சரிசெய்வது என்றும் எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்ப முடிச்சுட்டா," என்றார்.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அந்த மழையில அவ போயிருக்க வேணாம். அவளுக்கு வேண்டிய கணக்கு என்கிட்ட இருந்துச்சு. என்கிட்ட கேட்டா. மூணு தடவ கேட்டா. நான் குடுக்கல."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனார்கள். சத்தம் அடங்கும்வரை அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். நாம் சாப்பிட உட்காரும்போது எந்தக் குரலில் பேசுவாரோ அதே குரலில்தான் சொன்னார்.

"கேட்டப்பவே குடுத்திருக்கலாம்லம்மா."

"ஆமாம்மா."

அவர் எழுந்தார். உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார். கட்டுரையை எடுத்துப்போய் உன் படத்துக்குக் கீழே வைத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பாத்துப் போ, முக்குல தண்ணி நிக்கிது" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போகிறேன். மருந்து வாங்கி வைக்கிறேன். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். என்னை வராதே என்று அவர் சொன்னதில்லை. சாப்பிடாமல் அனுப்பியதும் இல்லை. ஆனால் அன்றைய பேச்சை அவர் திரும்ப எடுத்ததே இல்லை. போகட்டும் விடு என்று சொன்னதும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்காகச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இரக்கப்பட்டு அவர் தருவதை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

என் ஆய்வகத்தில் இப்போது ஒப்பந்தத்தில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். கடைசி வாரம் வந்தால் அவர்களும் மேசையைத் துடைக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நேரத்தோடு வாங்கித்தர என்னால் இன்னும் முடியவில்லை. எழுதிக் கேட்கிறேன், போய் நிற்கிறேன், மேலே யாரிடமோ இருக்கிறது என்கிறார்கள். என்னிடம் இருப்பதைக் கேட்டால் மட்டும் அன்றே கொடுத்துவிடுகிறேன். கொடுக்கும்போது மனம் இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் இவ்வளவு சுலபமாகத்தானே இருந்தது என்றுதான் படுகிறது.

மறதி மெல்ல மெல்ல உன் நினைவையும் தொடுகிறது. நீ எந்தப் பக்கம் வகிடு எடுப்பாய் என்று போன வாரம் எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. ஆனால் உன் அம்மா சொன்னது அப்படியே இருக்கிறது. கோபம் இல்லாமல், மன்னிப்பும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொன்ன அந்தக் குரல். வகுப்புக்குப் போகும் வழியில், படிக்கட்டில், கையில் தாள்களோடு ஏறிக்கொண்டிருக்கும்போது வரும். ஒரு படியில் நிற்பேன். ஆமாம்மா என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்கிறேன்.